கழுவி வைத்த வீடு

"…செத்தவுங்களுக்காகத்தான் வீட்டக் கழுவுவாங்க மதினி. நீங்க இருக்கிறவளையும் சேத்துல்ல கழுவி விட்டுட்டீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது நான் லயத்து இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பேசியவள் அடுப்படியில் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது பாதம் முழுக்கப் பற்பசை. எங்கள் மலையகத் தோட்டப் பக்கத்தில் சுட்ட புண்ணுக்கு அதுதான் முதல் மருந்து. ஆஸ்பத்திரியெல்லாம் அதற்குப் பிறகு. பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி, பிதுக்கி முடித்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, அழுவதா சண்டை போடுவதா என்று முடிவு செய்யாமல் நின்றாள்.

"கேட்டீங்களா டீச்சரம்மா? இடுப்பு ஒடிய ஒடிய சுண்ணாம்பு அடிச்சு, சாமான் சட்டியெல்லாம் வெளக்கி வச்சதுக்கு எனக்குக் கெடைக்கிற மரியாதைய."

நான் டீச்சர் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விடாமல், பதுளைக் கடையொன்றில் வேலை பார்த்த காலத்தில் சாமான் சுற்றுகிற பழைய பேப்பரையெல்லாம் வாசித்துவிட்டு மடிப்பேன். இப்போது ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு ஒன்றுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போகிறேன். கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள் அவரவர் வீட்டில் அவரவர் கையை நம்பி வாழ்வதற்குத் துணை நிற்பதுதான் வேலை. வெள்ளைப் பிரம்புக் கட்டோடு பசறை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என் கையைப் பிடித்து ஆசனத்தில் உட்கார வைத்துவிடுவார். கொஞ்சத் தூரம் போனதும், நான் ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, ஏமாற்றப்பட்டவர் மாதிரி முறைப்பார்.

அந்த பஸ்ஸில்தான் எனக்குச் சொத்தெல்லாம் சேர்ந்தது. சனம் பேசும்போது நல்லதாக ஒரு சொல் விழுந்தால் முந்தானையில் முடிந்துகொள்கிற பழக்கம் எனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டான். செவிடன் காதில் ஊதிய சங்கு. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது. நம் முன்னோருக்குச் சிரிக்கத் தோன்றிய நேரமெல்லாம் ஒரு குறையுள்ள ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அப்படி ஒருத்தர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் வெளியே தேடவேண்டிய வேலையும் இல்லை.

காலைச் சுட்டுக்கொண்ட இவளுக்கு நடக்கத் தொடங்கிய வயதிலேயே அம்மை வந்து கண் போய்விட்டது. இப்போது நாற்பது தாண்டியிருக்கும். கல்யாணம் இல்லை. தாயோடு லயத்து வரிசையில் அந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் வாழ்க்கை. அடுத்த காம்பராவில் அண்ணன், மதினி, வேலைக்குப் போகிற அவர்கள் மகன். தாய் கடைசி வருஷங்களில் வாதத்தில் படுத்துவிட்டாள். அடுப்பு மூட்டியது, பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடித்தது, தாயைக் கழுவித் துடைத்துச் சேலை மாற்றியது எல்லாம் இந்தக் கண் தெரியாத மகள்தான். ஆனால் லயத்துச் சனத்தைக் கேட்டால் வேறு கதை சொல்லும். "அந்த மகராசி இல்லாட்டி இந்தக் குருட்டுப் புள்ள கதி என்னா?"

எனக்கு முதலில் இது விளங்கவில்லை. பிறகு, தாய் இருந்த காலத்தில் ஒரு நாள், இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டபோது விளங்கியது. லயத்தில் சுவர் மெல்லியது. பக்கத்துக் குடும்பத்தைச் சனம் காதால்தான் பார்க்கும். உள்ளேயிருந்து கேட்டதெல்லாம் தாயின் குரல். "அரிசியக் களஞ்சியாடி? உப்பப் போட்டியாடி? ஒல கொதிக்குதுடி, பாருடி." மகள் அதற்கு முன்பே எல்லாம் செய்து முடித்திருப்பாள், அதனால் பதில் பேசமாட்டாள். சமைத்தவளுக்குச் சத்தம் இல்லை. சத்தம் போட்டவள் பேருக்குச் சமையல் எழுதப்பட்டுவிட்டது.

தாய் இறந்தாள். கருமாதிக்கு முன்னால் வீட்டைக் கழுவுவது வழக்கம். சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மறுபடி உள்ளே வைப்பார்கள். சாவை வீட்டிலிருந்து வழித்து வெளியே ஊற்றுகிற வேலை அது. மதினியும் லயத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து, ஒரு குறையும் இல்லாமல் செய்தார்கள். இவளை அண்ணன் வீட்டில் உட்கார வைத்து, "நீ சும்மா இரு தாயி, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். பார்த்துப் பார்த்து அடுக்கினார்கள். பெரிய டின் பின்னால், சின்ன டின் முன்னால். பளபளப்பான சட்டிகள் வாசலில் வருகிறவர் கண்ணில் படும்படி. கத்தி உயரத்தில், "அவளுக்குக் கையில பட்டுறக் கூடாதுன்னு". அடுப்புக்கு இடப்பக்கம் ஒரு பலகை கிடக்கும். கரி ஏறி, எண்ணெய் ஊறி, பார்க்க அசிங்கமான பலகை. அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டார்கள்.

கொதிக்கிற சட்டியை இருபது முப்பது வருஷமாக அவள் இறக்கி வைத்தது அந்தப் பலகையில்தான். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள், சோற்றுச் சட்டியை இறக்கி, இடப்பக்கம் திரும்பி, இல்லாத பலகையில் வைத்தாள்.

அந்தச் சத்தத்தையும் லயம் கேட்டது. இந்த முறை குரல் அவளுடையது.

சாவுக்குப் பிறகு நான் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். மதினி கோபித்துக்கொண்டு போனதும் இவள், "வாங்கக்கா, நம்ம வீட்ட ஒரு தடவ அழுக்காக்குவோம்" என்றாள். ஒரு கால் பற்பசையோடு நொண்டியபடி சுவரைப் பிடித்து நின்று, நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாக இடம் வைத்தாள். டின்களை அடையாளம் பிடிக்க ரப்பர் வளையம் போடுகிற முறை ஒன்றை நான் பயிற்சியில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"உப்புக்கு ஒரு வளையல், மொளகாய்க்கு ரெண்டு வளையலா?" என்று கேட்டாள். "நான் கழுத்துல கையில ஒண்ணும் இல்லாம நிக்கிறேன். டின்னுக்குக் கல்யாணம் கட்டி வைக்கிறீங்க."

பலகை லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் காணில் கிடந்தது. கழுவி எடுத்து வந்தேன். தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, இருந்த இடத்தில் போட்டாள்.

ஆனால் வீட்டுக்குள் சரிசெய்த விஷயம் வீட்டுக்கு வெளியே சரியாகவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது கதை மலை இறங்கிக் கடைத்தெரு வரைக்கும் போயிருந்தது. தாய் போன சூட்டிலேயே காலைப் பொசுக்கிக்கொண்டாள். இனி ஒரு நாள் லயத்தையே கொளுத்திவிடுவாள். பலகையைப் பற்றி நான் சொன்னதை எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு பெரியவர் கடைசியில் கேட்டார்: "பலக இல்லன்னு கண்ணு இருக்கிறவளுக்குத் தெரிஞ்சிருக்குமா இல்லியா?" கேள்வி அவ்வளவு சரியாக, அவ்வளவு தப்பாக இருந்தது.

அண்ணன் தலைவரைக் கூட்டி வந்தான். தலைவர் என்றால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற குடும்பத்துக்குத்தான் அது. காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் இவள் பேரை ஒரு நாளும் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் யார் எந்தக் காம்பராவில் இருக்கலாம் என்பதில் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆபீசில் யாரும் மறுப்பதில்லை. ஆக, அவள் இருப்பதும் போவதும் அந்த ஒரு வாயில் இருந்தது.

அண்ணன் அமைதியான மனிதன். கெட்டவன் என்று சொல்ல ஒரு பிடியும் கிடைக்காத ஆள், அதுதான் கஷ்டம். "மகனுக்குப் பொண்ணு பாத்திருக்கோம் தலைவரே. வாற புள்ளைய எங்க படுக்க வைக்கிறது? பண்டாரவளப் பக்கம் ஒரு விடுதி இருக்காம். மூணு வேளச் சோறு. இவளப் போல ஆளுக நெறைய. பேச்சுத் துணையாவும் இருக்கும்" என்றான்.

"அங்க இருக்கிறவுங்க எல்லாம் குருடா?" என்று கதவோரத்திலிருந்து தங்கை கேட்டாள்.

"ஆமா தாயி."

"அப்ப யாரு யாரப் பாத்து நல்லா இருக்கேன்னு சொல்லுவாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்த வாயை மூடாமலே கேட்டார்: "தனியா இருப்பேங்கிறியே, ஒரு வேளச் சோறு தனியா ஆக்கிருவியா நீ?"

"அம்மாவுக்கு யாரு ஆக்குனா?"

"அது அம்மா சொல்லச் சொல்லச் செஞ்சது."

அவள் முகம் அப்போது எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை. செத்த தாயின் குரல் வந்து அவளுடைய உழைப்பை எல்லாம் தன் பேரில் எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. "ஞாயித்துக் கெழம வாங்க" என்றாள். "ஆக்கிக் காட்டுறேன். தின்னுட்டுச் சொல்லுங்க."

நான் குறுக்கே விழுந்தேன். ஒரு வீட்டில் இருக்க யாரும் பரீட்சை எழுதவேண்டியதில்லை என்றேன். தோட்டத்தில் சோறு வடிக்கத் தெரியாத ஆம்பிளைகளை எல்லாம் விடுதிக்கு அனுப்புவோமா என்றும் கேட்டேன். அதற்கும் நல்ல சிரிப்பு. "டீச்சரம்மா நல்லாப் பேசுறாங்க" என்றார் தலைவர். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சும்மா இருங்கக்கா. எனக்குச் சோறாக்கத் தெரியும். உங்களுக்குப் பேசத் தெரியும். எதத் தின்ன முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. சனத்துக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை. மேல் லயத்திலிருந்துகூட ஆட்கள் இறங்கி வந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தேன். இளவட்டங்கள் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். "முன்னுக்கு நிக்கிறவுங்க குந்துங்க, பின்னுக்கு இருக்கிறவுங்களுக்கு மறைக்குது" என்று ஒருத்தர் ஒழுங்கு செய்தார். திருவிழாவில் கரகம் ஆடும்போது சொல்கிற அதே குரல்.

அவள் குடத்தோடு வெளியே வந்தாள். வந்தவுடன் ஒரு கிழவி, "வாறா பாரு, மகாராணி" என்றாள்.

"ஒதுங்கி நில்லுங்க சின்னம்மா. ராணி வந்தா வழி விடணும்."

பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்தாள். இடுப்பில் குடம், மறு கையில் நான் கொடுத்த பிரம்பு. திரும்பி வரும் வழியில் ஒருவன், மீசை முளைத்த, கல்யாண வயசுக்காரன், ஒரு முக்காலியை எடுத்து அவள் வரும் தடத்தில் சத்தமில்லாமல் வைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பெண் என் கையை அழுத்தினாள். கெட்ட எண்ணம் இல்லை. என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆசை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினார்கள்.

அவள் நின்றாள். முக்காலிக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது. பிரம்பு அதைத் தொடக்கூட இல்லை.

"சனம் வாய மூடுறது ரெண்டுக்குத்தான்" என்றாள். "சாமி வந்தா மூடும். இல்லாட்டி யாரயாச்சும் விழுத்தணும்னா மூடும். யாருக்கும் சாமி வந்த மாதிரி தெரியலியே. என்னா வச்சிருக்கீங்க?"

பிரம்பால் தேடி, முக்காலியைக் கண்டுபிடித்து, காலால் ஒதுக்கிவிட்டுப் போனாள். அதற்கும் கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். முக்காலி வைத்தவனும் தட்டினான்.

அடுப்படிக்கு எல்லாரும் வரமுடியாது. வாசலில் மதினி நின்று, நடப்பதை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெங்காயம் அரிகிறாள். தேங்காய் திருவுகிறாள். பருப்பு ஏறிவிட்டது. முதலில் அவள் குரலில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. நேரம் போகப் போக அது வற்றியது. கருவாட்டுக் குழம்பு வாசம் வெளியே வந்தபோது மதினி பேச்சை நிறுத்திவிட்டாள். நான் உள்ளே நின்று பார்த்தேன். சட்டியை இறக்கும்போது மட்டும் அவள் இடக்கையை முதலில் நீட்டிப் பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முன்பு அவளிடம் இல்லாத பழக்கம் அது. கால் புண் ஆறிவிட்டது. அந்தத் தொடுகை ஆறாது என்று நினைத்தேன்.

தலைவருக்கும் அண்ணனுக்கும் இன்னும் இரண்டு பெரியவர்களுக்கும் இஸ்தோப்பில் பாய் போட்டுப் பரிமாறினாள். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, தேங்காய்ச் சம்பல், கீரை. ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. தலைவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். குழம்பை மறுபடி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார். நீட்டியது அவளுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, "இங்கன" என்றார்.

கை கழுவினார். ஏப்பம் விட்டார்.

"சமையல்ல ஒரு குத்தமும் இல்ல" என்றார். "என் சம்சாரம்கூட இப்புடி வைக்க மாட்டா. வீட்டுல போய்ச் சொல்லிறாதீங்க." சிரிப்பு. "அதுனால, புள்ள காம்பராவுல இருக்கட்டும். விடுதியெல்லாம் வேணாம். நம்ம தோட்டத்துப் புள்ளைய நாமளே தொரத்துனா நல்லாவா இருக்கும்?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் தோளைப் பிடித்தேன். அவள் தோள் இறுக்கமாகவே இருந்தது; அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. சமைக்கத் தெரியும்ங்கிறதுக்காக, ஒரு கண்ணு தெரியாத பொம்பள உள்ளுக்குத் தாப்பாளப் போட்டுக்கிட்டுத் தனியா இருக்கிறது சரிவராது. விழுந்து கெடந்தா யாரு தொறக்கிறது? தாப்பாளக் கழட்டிருவோம். மதினி போக வர இருக்கட்டும். அண்ணன் மகனும் அங்கன ஒரு பக்கம் படுத்துக்கட்டும். தொணைக்குத் தொணையாச்சு, எடத்துக்கு எடமாச்சு."

"தலைவரே, உங்க வீட்டுத் தாப்பாள யாராச்சும் கழட்டச் சொன்னா விடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் கண்ணு இருக்கே டீச்சரம்மா."

நல்ல மனசோடு சொன்னார். சுற்றி நின்றவர்களும் நல்ல மனசோடு தலையாட்டினார்கள். அப்போது அண்ணன் எழுந்து சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்தான். காலையிலிருந்தே அது பையில் இருந்திருக்கிறது. அவள் தண்ணீர் சுமந்தபோதும், தேங்காய் திருவியபோதும், அவன் தட்டில் மறுசோறு விழுந்தபோதும். தலைவர் வாய் திறந்தது இப்போதுதான். முடிவு எங்கோ முன்பே சமைந்து இறக்கப்பட்டிருந்தது. அதைத் தின்று பார்க்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள்.

தாப்பாளின் திருகாணி பழையது, துரு. சுற்றச் சுற்றக் கீச்சிட்டது. அவள் தட்டுகளைப் பொறுக்கி, பாயைச் சுருட்டி, எச்சில் துடைத்தாள். கடைசி ஆணி தரையில் விழுந்த சத்தம் கேட்டதும், குனிந்து தடவி அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கே கட்டிலக் கொண்டாந்து போட்டுறவா?" என்று மதினி மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாரும் தின்னாச்சுல்ல?" என்றாள் அவள். "கெளம்புங்க."

சனம் கலைய ஆரம்பித்தது. நான் மட்டும் வாசற்படியில் நின்றேன். "நான் கொஞ்ச நேரம் கூட இருக்கவா?" என்று கேட்டேன்.

"நீங்களுந்தான் அக்கா."

என் கையில் என் குடையையும் பையையும் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். தாப்பாள் இருந்த இடத்தில் கதவுப் பலகையைத் துளைத்துக்கொண்டு நாலு ஓட்டை தெரிந்தது. உள்ளே அவள் அடுப்படிக்குப் போவது கேட்டது. பிறகு கல் தரையில் உரசுகிற சத்தம். அம்மிக்கல். கலைய ஆரம்பித்தவர்களும் நானும் நின்ற இடத்திலேயே நின்றோம். அது கொஞ்சம் நகரும், நிற்கும், அவள் மூச்சு வாங்குவது கேட்கும், மறுபடி நகரும். இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கதவு அதிரும்படி அதை முட்டி நிறுத்தினாள்.